எஃப்1 அழுத்தித் தொடரவும்

கணினியில் ஒரு தடவை வந்து போகிற பிழைச் செய்தியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தினமும் வருகிற செய்திதான் வீட்டில் ஆளுக்கொரு நிபுணரை உருவாக்கிவிடும். எங்கள் வீட்டு மேசைக் கணினி கொஞ்ச காலம் அந்தப் பணியைச் செய்தது. வங்கித் தளத்தைத் திறந்தால், 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்றது. மின்கட்டணம் கட்டப் போனால், 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றது. யூடியூப்பும் கதவைச் சாத்திக்கொண்டது.

மனைவிக்கு இணைய இணைப்பின் மேல் சந்தேகம். ஆனால் அதே வைஃபையில் அவளுடைய கைபேசி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. பெங்களூரில் இருக்கும் மகன், "வைரஸா இருக்கும்ப்பா, ஃபுல் ஸ்கேன் ஒண்ணு ஓட்டிப் பாருங்க" என்றான். ஓட்டினோம்; வைரஸ் இல்லை. சர்வீஸுக்கு வந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, "ஓ.எஸ். கரப்ட் ஆயிருக்கு சார். ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டுடலாம்" என்றான். நம் ஊரில் கணினிக்கு எந்த வியாதி வந்தாலும் ஃபார்மட்தான் மருந்து. புகைப்படங்களையெல்லாம் வேறிடத்துக்கு மாற்றி வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

திரையின் வலதுபக்கக் கீழ்மூலையைப் பார்த்தபோது தேதி 2018 ஜனவரி 1 என்று இருந்தது. திருத்தினேன். எல்லாத் தளங்களும் உடனே திறந்தன. மறுநாள் காலை கணினி திரும்பவும் 2018க்குப் போயிருந்தது.

தேதி தப்பானால் இணையதளம் ஏன் முரண்டு பிடிக்க வேண்டும்? பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டித்தான் நம் பிரவுசரோடு பேச ஆரம்பிக்கிறது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். பிரவுசர் அதை நம் கணினியின் தேதியோடு ஒப்பிடும். 2018இல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழெல்லாம் இன்னும் பிறக்காத பிள்ளை. அதனால் நம்ப மறுக்கிறது. இந்தக் கெடு வர வர இறுகிக்கொண்டும் போகிறது. 2020இலிருந்து ஒரு சான்றிதழுக்கு அதிகபட்சம் 398 நாள் என்று இருந்ததை, 2029 மார்ச்சுக்குள் படிப்படியாக 47 நாளாகக் குறைக்க முடிவாகியிருக்கிறது. இரண்டு மாதம் பின்தங்கிய கணினிகூட அப்போது வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

விண்டோஸ் தானாகவே இணையத்தில் நேரத்தைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளாதா என்று கேட்கலாம். செய்யும். ஆனால் வீட்டுக் கணினிகளில் அதற்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால், வந்த நேரத்தின் மேலேயே சந்தேகப்பட்டு மாற்றாமல் விட்டுவிடும். யாரோ பொய் நேரத்தைக் கொடுத்து ஏமாற்றிவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதைதான். சில நிமிடம் பிசகியவனைத் திருத்துவார்கள், சில வருடம் பிசகியவனைக் கைவிட்டுவிடுவார்கள்.

வியாதி எங்கே என்று தெரிய, அது எப்போது வருகிறது என்று கவனித்தேன். கணினியை ரீஸ்டார்ட் செய்தால் தேதி அப்படியே இருந்தது. ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைக்காமல் விட்டாலும் இருந்தது. சுவிட்ச்போர்டில் அணைத்த இரவுக்கு அடுத்த காலை மட்டும் தேதி காணாமல் போனது. ஆக, சுவரிலிருந்து மின்சாரம் வராத நேரத்தில்தான் கணினி தேதியை மறக்கிறது. இப்படிக் கவனிக்கக் காசு செலவில்லை, கருவி வேண்டாம், சில நாள் பொறுமை போதும்.

மகளிடம் சொன்னபோதுதான் இன்னொன்று வெளியே வந்தது. காலையில் கணினியைப் போடுகிறவள் அவள். "போட்டதும் கருப்பு ஸ்கிரீன்ல ஏதோ வரும்ப்பா. எஃப்1 அழுத்தினா போயிடும்" என்றாள்.

போய்விடும் அந்தச் செய்தியை அடுத்த நாள் நின்று படித்தேன். சிமாஸ் செக்சம் சரியில்லை, தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, எஃப்1 அழுத்தவும். நோயின் பெயரை நோயாளியே தினமும் காலையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில், மின்சாரம் போனாலும் ஓடுகிற கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் அது தேதியையும் நேரத்தையும் நம்மிடம்தான் கேட்கும். சொல்லாமல் விட்டால் 1980 ஜனவரி 1 என்று வைத்துக்கொள்ளும். 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில்தான் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சில்லு சேர்ந்தது. மோட்டோரோலா செய்த அந்தச் சில்லில் மொத்தம் 64 பைட் இடம். 14 பைட் கடிகாரத்துக்கு. மீதி 50 பைட்டில் கணினியின் அமைப்புகள். சிமாஸ் என்பது இந்த நினைவகத்தைத்தான். எழுதி வைத்ததையெல்லாம் கூட்டி, கூட்டுத்தொகையையும் பக்கத்தில் குறித்துவைக்கும். மறுபடி போடும்போது கூட்டிப் பார்த்துக் கணக்கு உதைத்தால் செக்சம் பிழை என்று சொல்லும். வடிவம் எவ்வளவோ மாறிவிட்டாலும் ஏற்பாடு இன்றைக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

உலகெங்கும் மேசைக் கணினிகளில் இந்த 'எஃப்1 அழுத்தவும்' வரியைப் பரப்பியதில் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1985இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சுப்பிரமோனியன் சங்கர். சென்னையிலும் அதற்குக் கிளை இருக்கிறது. கருப்புத் திரையில் அந்தப் பெயர் தெரிகிற நொடியில் நம் விரல் எஃப்1ஐத் தேடிப் போய்விடுகிறது.

இத்தனைக்கும் காரணமான பேட்டரி ஒரு வட்டப் பொத்தான். பெயர் சிஆர்2032. குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர், பெயரிலேயே அளவு இருக்கிறது. 3 வோல்ட். அதன் வேலை, விநாடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு குவார்ட்ஸ் துண்டை நிற்காமல் ஓட வைப்பது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 வரும். அதுதான் ஒரு விநாடி. கைக்கடிகாரத்துக்குள் இருப்பதும் இதே கணக்குதான்.

கணினி அணைந்திருந்தாலும் சுவர் சுவிட்ச் போட்டிருந்தால் மதர்போர்டுக்குச் சொட்டு மின்சாரம் வந்துகொண்டிருக்கும், பேட்டரிக்கு ஓய்வு. நம் வீடுகளில் படுக்கப் போகும்முன் ஒவ்வொரு சுவிட்சாக அணைப்பது பழக்கம். மின்கட்டணம் ஒரு காரணம், ஐப்பசி இடி இன்னொரு காரணம். அந்த நேரமெல்லாம் பொத்தான் பேட்டரிதான் தனியாகக் கடிகாரத்தைத் தாங்குகிறது. அதனால் சீக்கிரம் தேய்கிறது. பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றினால் போதும்.

மாற்றுவதும் சுலபம். கணினியின் அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரைகளை முதலில் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிட்லாக்கர் பூட்டு போட்டவர்கள் அதன் மீட்புச் சாவியையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பெட்டியைத் திறந்து, சின்னக் கொக்கியைத் தள்ளினால் பழையது எழும்பும். புதியதன் கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும். பிறகு தேதியை அமைத்துச் சேமித்தால் முடிந்தது. எங்கள் தெருமுனை கைக்கடிகாரக் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்தது. லேப்டாப்பில் இந்தப் பேட்டரி பெரும்பாலும் ஒயரோடு உள்ளே இருக்கும். அதைத் தெரிந்தவரிடம் விடுவதே மேல். கழற்றிய பேட்டரி குழந்தை கையில் கிடைக்கவே கூடாது. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். தேய்ந்த பேட்டரிக்கும் அந்தச் சக்தி உண்டு.

எய்தவன் இருக்க அம்பை நோவது பிழைச் செய்தி விஷயத்தில் அன்றாடம் நடக்கிறது. பிரவுசர் திட்டு வாங்குகிறது, விண்டோஸ் திட்டு வாங்குகிறது, வைஃபை திட்டு வாங்குகிறது. கடைசியாக வரும் செய்தி பெரிய எழுத்தில், நம் வேலையை மறித்துக்கொண்டு வருவதால் அதோடு சண்டை போடுகிறோம். முதலில் வரும் செய்தி ஒரு விசையில் ஒதுங்கிக்கொள்வதால் அதை விட்டுவிடுகிறோம். தாண்ட முடிகிற செய்தியைத் தீர்ந்த செய்தியாக நினைத்துக்கொள்கிறோம்.

உங்கள் வீட்டுக் கணினி ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் அதை ஒரு எழுத்து விடாமல் காகிதத்தில் எழுதுங்கள். எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று பக்கத்தில் குறியுங்கள். அன்று திரையில் முதன்முதலாக என்ன தோன்றியது என்பதையும் சேருங்கள். ஃபார்மட் பண்ண வருகிறவரிடம் அந்தக் காகிதத்தை முதலில் கொடுங்கள். கணினியை அப்புறம் கொடுக்கலாம்.