கிட்டாரைத் தொடும் முன்பே உறுமும் பெடல்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய இரண்டு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், சில கெபாசிட்டர், ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஃபஸ் பெடல் செய்ய இவ்வளவு போதும். காலால் மிதித்தால் கிட்டாரின் மென்மையான ஒலி, ராக் பாட்டில் வருகிற மாதிரி கரகரப்பாகிவிடும்.

சைதாப்பேட்டையில் ஒரு கல்லூரி மாணவன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சால்டர் வைத்து இதை முடித்தான். மிதித்தான். கம்பியில் கை வைக்கும் முன்பே ஆம்ப்ளிஃபயர் ‘ம்ம்ம்...’ என்று உறுமியது.

கரகரப்பதற்காகவே செய்த கருவியில் எது வேண்டாத சத்தம்? வீட்டில் பாட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்! வாசிக்கும்போது வருவது இசை, கை சும்மா இருக்கும்போதும் வருவது இரைச்சல். கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் வோல்ட்டில் ஒரு சிறு பங்குதான். அதைப் பல மடங்கு பெருக்குவது பெடலின் வேலை. கூடவே ஒட்டிக்கொண்டு வருவதையும் அது பாரபட்சம் பார்க்காமல் பெருக்கும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் அந்த ரீங்காரம்தான் பெரும்பாலும் முதல் விருந்தாளி.

“ஆம்ப் பிளக்குல எர்த் பின்னை உடைச்சிடு மச்சான், நின்னுடும்” என்று நண்பன் யோசனை சொன்னான். மகன் கட்டிங் பிளேயரை எடுத்தபோது, வொயரிங் வேலை பார்க்கும் அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டார். “டேய், அந்தப் பின்னு சத்தத்துக்கு இல்ல, உசுருக்கு!”

எர்த் உள்ள இரண்டு கருவிகளை இணைக்கும்போது அந்த வித்தை சில சமயம் பலிக்கவும் செய்யும். ஆபத்தே அதுதான். கிட்டார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத ஆம்ப்பில் மின்கசிவு வந்தால், அது நேராக விரலுக்கு வரும். 1972-ல் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில், லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். இரண்டு கருவி இருந்தால் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பார்ப்பதே நல்லது.

அப்பாவுக்கு கிட்டார் தெரியாது. ஆனால், பழுது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கத் தெரியும். முதலில் அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரி போடச் சொன்னார். உறுமல் பாதியாகக் குறைந்தது. ஆக, பாதிக் குற்றவாளி மலிவான அடாப்டர்தான். மின்சாரம் உள்ளே வரும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர், அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர். அடாப்டரை மறுபடி செருகினாலும் அந்தப் பாதி வரவில்லை.

அடுத்து, கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்கள். மீதிச் சத்தம் போகவில்லை. அப்படியானால் அது கிட்டாரில் இல்லை, அதற்குப் பிறகுதான் நுழைகிறது. ஃபேன் ரெகுலேட்டரை நிறுத்தியதும் கொஞ்சம் அடங்கியது. பெடல் மேல் கையை வைத்தால் சத்தம் மாறியது. பிளாஸ்டிக் டப்பா எதையும் தடுக்காது. உள்ளே இருக்கும் நீளமான வயர் ஒவ்வொன்றும் ஒரு ஏரியல்.

பரணிலிருந்து பழைய அலுமினிய டிபன் பாக்ஸ் இறங்கியது. அடியில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சர்க்யூட்டை உள்ளே வைத்து, பாக்ஸையே கிரவுண்டோடு இணைத்தார்கள். உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் குட்டையாக்கி, தள்ளித் தள்ளி வைத்தார்கள். அவை உரசிக்கொண்டு போனால், வெளியே போகிற ஒலி மறுபடி உள்ளே நுழைந்து ‘கீச்’ என்று கத்தவும் கூடும்.

உறுமல் போய்விட்டது. மெல்லிய ‘உஸ்ஸ்’ மட்டும் மிச்சம். இவ்வளவு பெருக்கினால் ரெசிஸ்டர், டிரான்சிஸ்டரின் சொந்த இரைச்சலும் கேட்கத்தான் செய்யும். அதோடு மகன் சமாதானமாகிவிட்டான்.

சமையலறையில் மிக்ஸி ஓடும்போது மட்டும் ‘க்ர்ர்’ இன்னும் எட்டிப் பார்க்கிறது. சட்னி அரைத்து முடியும்வரை காத்திருக்கிறான்.