சிரிக்காத போன்

செய்யாறு பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் இரண்டே பேர். ஒன்று முதல் மூன்று வரை அந்த டீச்சரின் பொறுப்பு. தமிழ் மீடியத்தில் படித்தவர். கணக்கு, தமிழ் எல்லாம் கணீரென்று நடத்துவார். இங்கிலீஷ் ரைம்ஸ் வந்தால் மட்டும், உச்சரிப்பு தப்போ என்று குரல் இறங்கிவிடும்.

2018-ல் ஒன்றாம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் க்யூஆர் கோடுடன் வந்தபோது, அதை முதலில் பயன்படுத்திக்கொண்டது அவர்தான். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் பாட்டைப் போனில் போட்டு நாலு தரம் கேட்பார். கூடவே வாய்விட்டுச் சொல்வார். வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்.

கொரோனா முடிந்து வந்த பிள்ளைகளில் பலருக்கு எழுத்தே மறந்திருந்தது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அந்த வருஷமே கூகுளின் 'ரீட் அலாங்' செயலியையும் கல்வித்துறை அறிமுகப்படுத்தியது. திரையில் கதை வரும். பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும். தடுமாறினால் 'தியா' என்ற பொம்மைப் பெண் சொல்லிக்கொடுப்பாள். சரியாக வாசித்தால் நட்சத்திரம். கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். சிக்னலுக்காக மாடி ஏற வேண்டிய ஊரில் இது சின்ன விஷயமில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் வாயே திறக்க மாட்டான். ஒருநாள் 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்று வாசிக்க, வகுப்பே தலையைச் சொறிந்துகாட்டிச் சிரித்ததிலிருந்து அப்படி. பாவம், 'எஃப்' ஓசை தமிழில் கிடையாது. நாமே ஆய்த எழுத்தைப் போட்டு ஒப்பேற்றுகிறோம். டீச்சர் தன் போனைக் கொடுத்து வேப்பமரத்தடிக்கு அனுப்பினார். முதல் நாள் முணுமுணுப்பு. ஒரு வாரத்தில் ஜன்னல் வழியே குரல் கேட்டது. எப்படிடா என்றதற்கு, "அது சிரிக்காது இல்ல, டீச்சர்" என்றான்.

நட்சத்திரம் குவிந்தது. ஆனால் முழுக் கதையையும் தங்குதடையில்லாமல் வாசித்தவனுக்கு, அதில் வந்த 'வெட்' என்றால் என்னவென்று தெரியவில்லை. ஓசை சரியாக இருந்தால் போன் நட்சத்திரம் கொடுத்துவிடும். புரிந்ததா என்று பார்க்க டீச்சர்தான் வேண்டும். அவர் சொம்புத் தண்ணீரை அவன் கையில் ஊற்றி, "வெட்" என்றார்.

டவுசரில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினான். "டிரை, டீச்சர்!"