டப்பாவில் எழுதியிருக்கும் பத்து

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் திருமழிசைக்கு அடுத்து குத்தம்பாக்கம். இளங்கோ ரங்கசாமி பஞ்சாயத்துத் தலைவராக இருந்த நாள்களில் வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப்போன ஊர். இப்போது பேச்செல்லாம் புதுப் பேருந்து முனையத்தைப் பற்றித்தான். நான் போனது தகரக் கூரை போட்ட ஒரு மெக்கானிக் கடைக்கு. பைக்கின் முன் ஷாக்குக்கு ஆயில் மாற்றுவதில் அங்கிருப்பவர் கெட்டி என்று கேள்விப்பட்டிருந்தேன்.

இருங்காட்டுக்கோட்டையில் ஷிஃப்ட் முடித்து வந்த ஒரு பையன் வண்டியை நிறுத்தினான். "அண்ணே, பிரேக் அடிச்சா மூக்கு குத்துது. நல்லா திக்கான ஆயிலா ஊத்துங்க."

"கடைசியா எப்பப்பா மாத்தின?"

"இன்ஜின் ஆயில் மட்டும்தாண்ணே மாத்துவேன்."

முன் ஷாக்கை, அதாவது ஃபோர்க்கைக் கழற்றிக் கவிழ்த்ததும் வந்த எண்ணெய் சாம்பல் நிறம். உள்ளே தேய்ந்த உலோகத்தூள் அதில் மினுங்கியது. வாடையும் சகிக்கவில்லை.

எண்ணெய் அடைத்த டெலஸ்கோபிக் ஃபோர்க்கை 1935-இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12 வண்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் சாதாரண வண்டிகளிலும் தத்துவம் அதேதான். பள்ளத்தில் விழுந்தால் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதியாட்டம் போடாமல் அடக்குவது எண்ணெய். குழாய்க்குள் இருக்கும் சிறு துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிப் போக வேண்டும். ஊசி சிரிஞ்சில் தண்ணீரையும் விளக்கெண்ணெயையும் தள்ளிப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் கெட்டியாக ஊற்றினால் நல்லதுதானே? பல கடைகளில் அதனால்தான் 20W-40 இன்ஜின் ஆயிலையே ஃபோர்க்கிலும் ஊற்றிவிடுகிறார்கள். 40 டிகிரி சூட்டில் அதன் பாகுநிலை 100 சென்டிஸ்டோக்கைத் தாண்டும். 10W ஃபோர்க் ஆயிலோ ஏறக்குறைய 30-இலிருந்து 45-க்குள். மும்மடங்கு கெட்டியான எண்ணெயில் அமுங்கிய ஃபோர்க் மெதுவாகத்தான் மேலே வரும். லாரிகள் அரைத்துப்போட்ட சாலையில் அது எழும்பி முடிப்பதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். கொஞ்ச தூரத்தில் முன்பக்கம் அமுங்கியபடியே நின்று, அடி முழுக்க மணிக்கட்டில் இறங்கும்.

டப்பாவில் எழுதியிருக்கும் W எண்ணையும் மெக்கானிக் அதிகம் நம்புவதில்லை. "இந்தக் கம்பெனி பத்தும் அந்தக் கம்பெனி பத்தும் ஒண்ணு இல்ல சார்" என்றார். அது உண்மை. ஃபோர்க் ஆயிலின் W எண்ணுக்கு எல்லாக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் பொது அளவுகோல் கிடையாது. விவரத்தாளில் 40 டிகிரிக்கு எத்தனை சென்டிஸ்டோக் என்று போட்டிருப்பதை ஒப்பிடுவதுதான் வழி. ஹைட்ராலிக் எண்ணெய் இந்த விஷயத்தில் நேர்மையானது: ஐஎஸ்ஓ 32 என்றால் 40 டிகிரியில் 32, பத்து சதவீதம் முன்னே பின்னே. அம்பத்தூர் எஸ்டேட் பிரஸ்களில் ஓடும் சரக்குதான். பழைய பால்வண்டிகளுக்கு அவர் அதையே ஊற்றுகிறார். எனக்கு அரை மனதுதான். நுரை கட்டாமலிருக்கவும், சூட்டில் சட்டென்று நீர்த்துப்போகாமலிருக்கவும் ஃபோர்க் ஆயிலில் மருந்து கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள்.

எண்ணெயின் கெட்டித்தன்மைக்குத் தரும் கவனத்தை அதன் மட்டத்துக்கு யாரும் தருவதில்லை. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அவர் ஸ்கேல் விட்டு அளந்தார். மேலே அடைபடும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். எண்ணெய் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து, கடைசி இரண்டு அங்குலம் இறுகும். மூக்குக் குத்தலுக்கு முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய் மட்டத்தையும் ஸ்பிரிங்கையும். கெட்டி எண்ணெய் அந்தக் குத்தலைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

பையனின் ஸ்பிரிங்கைப் புதிதின் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். கண்ணுக்கே தெரிந்தது, விரல் அகலம் குட்டை.

"ஆயிலு கம்பெனி சொன்ன பத்தே போதும் தம்பி. ஸ்பிரிங்க மாத்து. ரெண்டு காலுக்கும்."

"ஒரு காலுக்கு மட்டும் போட்டா ஆகாதாண்ணே?"

"ஆகாது" என்றவர் விலையைச் சொன்னார். பேரம் தொடங்கியது.