ஆண்டிபட்டிக் கணவாயில் ஒரு பழைய வண்டி

மதுரையிலிருந்து மேற்கே தேனிக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோ மீட்டர் நீளமுடையது. பாம்பு படுத்திருப்பது போன்ற நாகமலையை ஒட்டிப் புறப்பட்டு, பல்கலைக்கழக வளாகத்தைக் கடந்து, செக்கானூரணி, உசிலம்பட்டி என்று கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வரும் சமவெளியில் அது நேராக ஓடுகிறது. உசிலம்பட்டியைத் தாண்டியபின் ஆண்டிபட்டிக் கணவாய். கொடைக்கானல் மலைப்பாதையைப் பார்த்தவர்கள் இதனை ஏற்றம் என்றே சொல்லமாட்டார்கள். ஆயினும் ஒரு பழைய வண்டியின் உடல்நிலையைச் சோதித்தறிய இதனைவிட நல்ல இடம் மதுரை வட்டாரத்தில் இல்லை என்பதை நான் பெரும் பொருட்செலவில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வண்டி 1986ஆம் ஆண்டு அம்பாசிடர். தந்தையார் விட்டுச் சென்றது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலேய வண்டியின் அச்சில் 1957 முதல் வங்காளத்து உத்தர்பாராவில் உருவாகிவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. இதனை வைத்துக்கொண்டிருப்பது பழம்பெருமைக்காக அன்று. எண்பத்திரண்டு வயதான என் அன்னையாருக்கு முழங்கால் மடங்காது. பின்னிருக்கையில் காலை நீட்டி அமர்ந்து அவர் பயணம் செய்யக்கூடிய வண்டி இது ஒன்றுதான். மதுரை–தேனி இருப்புப்பாதை 2022ஆம் ஆண்டு மே மாதம் அகலப்பாதையாக மீண்டும் திறக்கப்பட்டபோது வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். அன்னையாரால் பெட்டியின் படி ஏற இயலவில்லை.

தேனியில் இருக்கும் சிற்றன்னையார் பக்கவாதத்தால் படுத்துவிட்டார் என்ற செய்தி கடந்த ஆண்டு சித்திரையில் வந்தது. மறுநாளே புறப்பட்டோம். செக்கானூரணியிலேயே சூடு காட்டும் முள் மெல்ல ஏறத் தொடங்கியது. உசிலம்பட்டியில் நின்று ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கணவாயின் பாதி ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட, முன்மூடியின் இடுக்குகளில் ஆவி கிளம்பியது.

அப்போது நான் செய்யவிருந்த மடமையை மறைக்காமல் சொல்லவேண்டும். துண்டை நான்காக மடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகக் கை வைத்துவிட்டேன். பின்னால் வந்து நின்ற லாரியின் ஓட்டுநர், "சார், கையை எடுங்க! முகம் வெந்துபோயிரும்!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்தார். அவர் சொன்னதன் பொருள் பின்னரே விளங்கியது. அந்த மூடி அழுத்தத்தை அடக்கிவைப்பது. ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் தண்ணீர் நூறு பாகையில் கொதிக்காது. ஏறத்தாழ நூற்றுப் பத்து வரை பொறுத்திருக்கும். மூடி திறந்த அந்த நொடியில் அழுத்தம் நீங்க, உள்ளிருப்பது முழுவதும் ஒருசேரக் கொதித்து மேலெழும்பும். அரைமணி நேரம் காத்திருக்கச் செய்து, பின்பு எஞ்சினை ஓடவிட்டு, சிறுகச் சிறுகத் தண்ணீர் ஊற்றித் தந்தார் அந்த அன்பர். கொதிக்கும் இரும்பில் குளிர்நீரைக் கொட்டினால் பிளாக்கு வெடித்துவிடுமாம். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அன்னையார், "திருப்புப்பா, இன்னொரு நாள் போவோம்" என்றார். மதுரை வந்துசேரும்வரை வேறொன்றும் பேசவில்லை.

அதன்பின் நடந்தவை, பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. ஒருவர் "இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று தெர்மாஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்தார். இன்னொருவர் வாட்டர் பம்பையும் ஓஸ்களையும் மாற்றினார். மூன்றாமவர் ஹெட்டையே இறக்கி, கேஸ்கட் மாற்றி, மட்டம் பிடித்துத் தந்தார். கேஸ்கட் போயிருந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும், எஞ்சின் எண்ணெய் பாலேடுபோல் வெளுக்கும். இரண்டும் எங்கள் வண்டியில் இல்லை. அதனைக் கேட்கவேண்டும் என்று எனக்கு அன்று தெரியாது. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கென எடுத்துவைத்த தொகையில் கைவைக்க நேர்ந்தபோது, வண்டியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

மோட்டார்த் தொழிலுக்கு மதுரை அந்நியமான ஊர் அன்று. 1911இல் இங்குதான் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். மேல வெளி வீதி என்றால் முதியோர்க்கு இன்றும் அந்த நிறுவனமே நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, மரக்கரியை எரித்து வரும் வாயுவால் பேருந்தை ஓட்டும் கருவிகளை அந்நிறுவனத்தார் செய்தார்கள். இத்தகைய மரபுடைய ஊரில் சந்துக்குச் சந்து நல்ல கைகள் உண்டு, தேடத்தான் வேண்டும். வைகையின் வடகரையில் வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதிய மேஸ்திரியிடம் உறவினர் ஒருவர் அழைத்துச் சென்றார்.

மேஸ்திரி முன்மூடியைத் திறக்கவே இல்லை. பெஞ்சில் அமரச் சொல்லி, "வண்டி எப்பச் சார் சூடாகுது? டவுனுக்குள்ள நிக்கும்போதா, ரோட்டுல ஓடும்போதா?" என்று கேட்டார். நின்றால் சூடேறி, ஓடினால் ஆறுமாயின் குற்றம் காற்றாடியிலோ பெல்ட்டிலோ இருக்கும்; நின்றால் சரியாக இருந்து, ஓட ஓடச் சூடேறுமாயின் தண்ணீர் வேண்டிய அளவு சுற்றவில்லை என்று பொருள். எங்களது இரண்டாம் வகை. மூன்று பட்டறைகளில் யாரும் இதைக் கேட்கவில்லை. அடுத்த கேள்வி: "என்ன தண்ணி ஊத்துறீங்க?"

வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றேன். மேஸ்திரி சிரித்தார். எங்கள் பகுதி நீர் உப்பு மிகுந்தது. அடுப்பில் வைக்கும் பாத்திரத்தின் அடியில் ஆறு மாதத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். அதே நீரை ஆண்டாண்டுகளாக நான் வண்டிக்கு ஊற்றியிருக்கிறேன். வண்டியைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, காற்றாடி நின்றபின் என் கையைப் பிடித்து ரேடியேட்டரின் முகத்தில் வைத்தார். மேற்புறம் கை வைக்க முடியாத சூடு. கீழே ஒரு மூலையில் பெரும்பகுதி குளிர்ந்திருந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை. தொட்டிகளைப் பிரித்துக் குழாய் குழாயாகக் கம்பி விட்டபோது உதிர்ந்த சுண்ணாம்புப் பொருக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய இருந்தது. புதிய வால்வு ஒன்றை வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு, கொதிக்குமுன் அது வாய் திறப்பதைக் காட்டிய பிறகே பொருத்தினார்.

கதை இத்துடன் முடிந்திருக்கவேண்டும். ஓட்டிப் பார்க்கச் சென்றோம். நாகமலைப் புதுக்கோட்டைவரை முள் அசையவில்லை. செக்கானூரணியை நெருங்கி வேகம் அறுபதைத் தொட்டதும் மீண்டும் ஏறியது. எனக்குக் கண் இருண்டது. மேஸ்திரியோ சாலையோரம் நிறுத்தச் சொல்லி, எஞ்சினை அணைக்காமல் முன்மூடியைத் திறந்து, "ஆக்சிலேட்டரை மிதிங்க" என்றார். மிதித்தேன். "இறங்கி வந்து பாருங்க" என்று, அவரே கார்புரேட்டர் கம்பியை இழுத்துக் காட்டினார். எஞ்சின் உறுமியதும் ரேடியேட்டரின் கீழ் ஓஸ், உறிஞ்சிக் குடிக்கும் பனையோலைக் குழல் ஒட்டிக்கொள்வதுபோல், தட்டையாக ஒட்டிக்கொண்டது. வேகம் தணிந்ததும் மீண்டும் உருண்டையாயிற்று. நின்ற வண்டியைப் பார்த்தவர் எவர்க்கும் இது அகப்பட்டிருக்காது.

கீழ் ஓஸின் வழியாகப் பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலில் அது அமுங்காதிருக்க உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கவேண்டும். பம்பை மாற்றியபோது புதிய ஓஸைப் போட்டவர் கம்பியைப் போட மறந்திருக்கிறார். ஆக, சித்திரையில் வண்டி நின்றது என் கிணற்றுத் தண்ணீரால். அதன்பின் சூடேறியது அதைச் சரிசெய்யப் போன இடத்தில் சேர்ந்த வேறொரு குற்றத்தால். முதல் நோய் மறையுமுன் இரண்டாவது குடிபுகுந்ததால், எதைச் செய்தும் பயனில்லை என்று தோன்றிற்று. கனமான ஓஸுக்கும் கம்பிக்கும் ஆன செலவு, நான் அதுவரை கொட்டியதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. இப்போது கூலண்ட்டைப் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் கலந்து ஊற்றுகிறேன்.

ஆடி பிறந்த வாரத்தில் அன்னையாரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கணவாயில் எதிர்க்காற்று வண்டியை உலுக்கியது. முள் நடுவிலேயே நின்றது. லாரி ஓட்டுநர் எங்களை நிறுத்திய இடத்தில் அன்னையார், "இங்கேதானே?" என்று மட்டும் கேட்டார். தேனியில் சகோதரிகள் இருவரும் பிற்பகல் முழுவதும் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். சிற்றன்னையாருக்குப் பேச்சு இன்னும் திரும்பவில்லை. அன்னையார் இருவருக்கும் சேர்த்துப் பேசினார்.

திரும்புகையில் ஏற்றத்தில் முள் ஒரு கோடு மேலே சென்றது. ஆடிக்காற்று பின்னாலிருந்து வீசும்போது ரேடியேட்டருக்குள் புகும் காற்று குறைந்துவிடும் என்று மேஸ்திரி முன்னரே சொல்லியிருந்தார். இரண்டாம் கியருக்கு மாற்றி மெல்ல ஏறினேன். உசிலம்பட்டிப் பக்கம் இறங்கியதும் முள் தன் இடத்திற்கு வந்தது. அன்னையார் உறங்கியிருந்தார்.