அடையாற்றின் கரையிலே

கே.கே. நகரிலிருந்து நூறடிச் சாலையில் தெற்கே சென்றால், காசி திரையரங்கை அடுத்து ஒரு பாலம் வரும். அதன்மீது சற்றே நில்லுங்கள், அன்பர்களே! மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும், எனினும் நில்லுங்கள். கீழே கறுத்துக் கிடப்பதுதான் அடையாறு. 2015 டிசம்பரில் இதே ஆறு கரைகடந்து ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஸ்பெயினின் வலென்சியா நகரிலும் 1957 அக்டோபரில் இப்படியொரு வெள்ளம் வந்தது. அரபிகள் ஆண்ட நாளில் ‘வாதி அல் அப்யள்’, அதாவது வெள்ளை ஆறு, என்று அழைக்கப்பட்ட தூரியா ஆறு அது. ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டுப் பழைய படுகையில் நெடுஞ்சாலை அமைக்க அரசு எண்ணியது. மக்கள் விடவில்லை. இன்று ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்திற்கு அங்கே பூங்கா தொடர்கிறது. பழம்பாலங்களின் அருகே பிள்ளைகள் பந்தாடுகின்றனர்.

நமக்கு அவ்வழி இல்லை. அடையாற்றைத் திருப்பிவிட இடமேது? வெள்ளம் வடிய இந்தப் படுகையே வேண்டும். கரையையும் கழிமுகத்தையும்தான் பசுமையாக்க இயலும். அதற்கும் முன்னதாகக் கழிவுநீர் கலப்பது நிற்க வேண்டும். முகத்துவாரத்தருகே 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவைச் சென்று பாருங்கள். குப்பை நிறைந்து கிடந்த 58 ஏக்கரில் இன்று அலையாத்திச் செடிகளும் நீர்ப்பறவைகளும்!

இடைப்பட்ட கரையில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பல, வெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டன. பிழைப்பு இங்கே, இருப்பிடமோ வெகு தொலைவிலே. கரையில் வளரும் மரத்தின் நிழலில் அமர, அவர்கள் பேருந்து ஏறித்தான் வர வேண்டும்.