ஒளிக்கு ஒரு மடை

இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு

சினிமாக் கொட்டகை என்றவுடன் நம்மில் பலருக்கும் திரையில் தோன்றும் முகங்கள்தாம் நினைவுக்கு வரும். எனக்கோ பின்சுவரில் இருக்கும் சிறிய சதுர ஓட்டைதான் நினைவுக்கு வரும். அந்த ஓட்டைக்கு அப்பால் என் தந்தை நின்றிருந்தார். எங்கள் ஊர்க் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஆபரேட்டர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

சிறுவனாக இருந்தபோது அப்பாவுக்குச் சோறு எடுத்துச் செல்வேன். அந்த அறையின் சூட்டை இன்றும் மறக்க முடியவில்லை. இரண்டு கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி நெருங்கி எரியும். எரிய எரிய இடைவெளி கூடும். அப்பா கைப்பிடியைத் திருகி அதைச் சரிசெய்துகொண்டே இருப்பார். “பிலிம் ஓடிக்கிட்டே இருக்கணும்டா தம்பி. ஒரே இடத்தில் நின்னா கருகிடும்” என்பார். ஏன் கருகும் என்று அன்று நான் கேட்கவில்லை.

2013-ஆம் ஆண்டு, நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, கொட்டகைக்குப் புதிய பெட்டி ஒன்று வந்தது. பிலிமும் இல்லை, கார்பனும் இல்லை. சில மாதங்களில் அப்பாவை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனார். அதன்பிறகு படம் பார்க்கக்கூட அவர் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததில்லை. பெட்டியின்மேல் இருந்த ‘டி.எல்.பி.’ என்ற மூன்று எழுத்தை மட்டும் அவர் மறக்கவில்லை.

இந்த ஆண்டு எங்கள் துறையில் ஒவ்வொரு மாணவரும் ஒரு தலைப்பில் கருத்தரங்க உரை ஆற்ற வேண்டும் என்றார்கள். நான் அந்த மூன்று எழுத்தையே தேர்ந்தெடுத்தேன். உண்மையைச் சொன்னால், பகைவனின் ஊரையும் பேரையும் விசாரிப்பவனைப் போலத்தான் நூலகத்திற்குள் நுழைந்தேன்.

படிக்கப் படிக்கத் தெரிந்தது, இது நேற்று முளைத்த கருவி அன்று. பெரிய திரையில் படம் காட்ட வலுவான வெளிச்சம் வேண்டும். படத்தை உண்டாக்கும் பொருளே அவ்வளவு வெளிச்சத்தையும் தரவேண்டும் என்றால் அது தாங்காது. ஆகவே விளக்கு வெளிச்சத்தைத் தரட்டும்; படத்தை உண்டாக்கும் பொருள் அதைத் திருப்பிவிடும் வேலையை மட்டும் செய்யட்டும் என்று எண்ணினார்கள். இதற்கு ஒளி வால்வு என்று பெயர். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பேராசிரியர் பிரிட்ஸ் பிஷர் 1939-இல் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை கோரினார். ஐடோபோர் என்னும் அக்கருவியில், ஒரு குழியாடியின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். எலெக்ட்ரான் கற்றை பட்ட இடங்களில் எண்ணெய் நெளியும். நெளியாத இடத்து ஒளி விளக்கை நோக்கியே திரும்பிவிடும். நெளிந்த இடத்து ஒளி மட்டும் திரைக்குச் செல்லும். அமெரிக்கர்கள் நிலவுக்குச் சென்ற காலத்தில், ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரைகளில் படம் காட்ட இந்த ஐடோபோர் கருவிகளும் பயன்பட்டன.

1977-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் இயற்பியலாளர் லாரி ஹார்ன்பெக் எண்ணெய்க்குப் பதில் ஆடியையே வளைத்துப் பார்த்தார். உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் பறைத்தோல் போலச் சிலிக்கான் சில்லின்மேல் இழுத்துக் கட்டினார். கீழே மின்னழுத்தம் கொடுத்தால் படலம் குழியும். ஆனால் எவ்வளவு குழிய வேண்டும் என்பதைத் துல்லியமாக ஆள்வது எளிதாக இல்லை. பத்து ஆண்டுகள் உழைத்தபின், 1987-இல் வழியையே மாற்றினார். படலம் வேண்டாம், தனித்தனிக் குட்டி ஆடிகள் போதும். ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் சாயும், அல்லது அந்தப் பக்கம் சாயும், நடுநிலை கிடையாது. 1996-இல் இம்முறையில் அமைந்த படவீழ்த்திகள் விற்பனைக்கு வந்தன. 2015-இல் ஹார்ன்பெக்குக்கு ஆஸ்கார் சிலை கிடைத்தது. திரையரங்குகளுக்கான ஒரு வகைச் சில்லில் 2048 வரிசையும் 1080 வரிசையுமாக, 22 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆடிகள் இருக்கின்றன. அவை சாய்வது ஏறத்தாழ 12 பாகைதான்.

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்து, ஓர் இரவு அப்பாவிடம் ஒப்பித்தேன். பாதி வெளிச்சம் வேண்டுமானால் ஆடி என்ன செய்யும் என்று கேட்டார். நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திரும்பித் திரும்பி, பாதி நேரம் மட்டும் திரைக்கு ஒளி காட்டும். நம் கண் அதைச் சேர்த்துப் பார்த்துச் சாம்பல் நிறம் என்று கொள்ளும் என்றேன்.

“அப்ப ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு ஷட்டர்னு சொல்லு” என்றார். நான் திகைத்தேன். பிலிம் கருவியிலும் ஷட்டர் சுழன்று, நொடிக்கு 24 படங்களையும் இரண்டிரண்டு தடவை மறைத்துக் காட்டும். நான் பக்கம் பக்கமாகப் படித்ததை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்!

அடுத்து இன்னொன்று கேட்டார். “படத்துல ராத்திரி வருதுன்னு வை. விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கு? அந்த வெளிச்சம் எங்கப்பா போகும்?”

எனக்கு விடை தெரியவில்லை. அன்றுதான் நான் படித்திருக்கிறேனே தவிரப் புரிந்துகொள்ளவில்லை என்று விளங்கியது. மறுநாள் மீண்டும் நூலகம் சென்றேன். இருள் வேண்டிய இடத்து ஆடிகள், ஒளியைப் பக்கத்தில் உள்ள ஒரு கறுப்புத் தடுப்பின்மேல் திருப்பிவிடுகின்றன. அங்கே அது வெப்பமாகி அடங்குகிறது. வயல் நிறைந்ததும் நாம் பம்பு செட்டை நிறுத்துவதில்லை, மடையைத் திருப்பிவிடுகிறோம். அதுபோலத்தான். பிலிமிலோ கறுப்பான இடம் ஒளியைத் தானே விழுங்கிச் சூடேறும். நின்ற பிலிம் கருகியதன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கருத்தரங்கில் என் உரையை அப்பாவின் கேள்வியோடுதான் தொடங்கினேன். அது யாருடைய கேள்வி என்பதையும் சொன்னேன்.

நண்பர்களே! ஒரு கருவியைப் புரிந்துகொள்வதால் அது பறித்த வேலை திரும்பி வந்துவிடாது. அரிசி ஆலை அரிசி ஆலைதான். ஆனால் நம் வீடுகளில் பட்டம் பெறாதவர்களின் கைகளிலும் இயற்பியல் இருக்கிறது. அதை அவர்களிடம் கேட்டுப் பெறாமல் நாம் வாங்கும் பட்டம் அரைகுறைதான்.

இந்தப் பொங்கலுக்கு அப்பாவை அதே கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன். முதலில் மறுத்தவர் பிறகு வந்தார். படத்தின் நடுவே ஓர் இரவுக் காட்சி. திரை முழுதும் இருண்டது. அப்பா திரையைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி அந்தச் சதுர ஓட்டையைப் பார்த்தார்.

“இப்ப எல்லாக் கண்ணாடியும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், இல்ல?” என்றார்.

“ஆமாம்பா” என்றேன்.