பெரட்டில் சொன்னது

நேற்று ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் வரை ஏறிப்போனேன். 1925இல் கட்டிய தொழிற்சாலை. இயந்திரங்கள் நின்று, பாழாகக் கிடந்து, 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மேல்மாடியில் ஒரு பிளேன்டீயோடு நெடுநேரம் இருந்தேன்.

எங்கள் அலுவலகத்தை இன்னொன்றோடு சேர்க்கப்போகிறார்களாம். என் கீழே ஒன்பது பேர். காலையில் வந்ததும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது லயத்தில் ஓடாத கதையில்லை. எல்லாரையும் இந்தியாவுக்கு ஏற்றிவிடுவார்களாம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஏற்கெனவே சனம் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அதை வெறும் வதந்தி என்று தள்ளவும் முடியாது. தாத்தா பெரட்டில் நின்று, "மத்தது எனக்கும் தெரியாது. நாளைக்குப் பேர் இருக்கு" என்பாராம். (தோட்டத்தில் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரட்டு என்றால் காலையில் வேலை பிரிக்கும் இடம், பேர் என்றால் ஒருநாள் சம்பளம்.) பேர் இல்லாவிட்டால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுவாராம். மற்றபடி அவர் ஒன்றும் மகான் இல்லை. கொழுந்து நிறுக்கையில் அவர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

1992இல் பெரும்பாலான அரச தோட்டங்களின் நிர்வாகம் தனியாருக்குப் போனது. அப்போது மாமாதான் எங்கள் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர். "ஒன்னும் மாறாது" என்றார். மாறியது. பிறகு அவர் கூப்பிட்ட கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை.

இன்று ஒன்பது பேரையும் உட்காரவைத்தேன். மார்ச் வரை சம்பளம் உறுதி, அதற்குப் பிறகு எனக்கும் தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப லீசிங்ல த்ரீவீல் எடுக்கவா, அண்ணா?"

"இப்ப வேணாம், தம்பி."